கருவியை வாங்கும்போதே அதற்கான மின்சாரத்தையும் வாங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொது மருத்துவமனைகளுக்குப் புதிய கருவிகள் வந்த செய்தியும், மின்துறையில் புதிய தொழில்நுட்பம் புகுத்தப்படும் செய்தியும் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஆனால் இரண்டும் வெவ்வேறு பக்கங்களில், ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாதவை போலவே அச்சாகின்றன. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இவை இரண்டும் ஒரே செய்திதான் என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். என்னைப் பழுதுபார்க்க அழைத்த கருவிகளில் பல, தம்முடைய குறையால் நின்றுபோனவை அல்ல. தம்மிடம் வந்து சேர்ந்த மின்சாரத்தாலோ, வந்து சேராத மின்சாரத்தாலோ நின்றுபோனவை.

ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அறையின் மூலையில் ஓர் ஆக்சிஜன் செறிவூட்டி, துவைத்து மடித்த படுக்கை விரிப்பு ஒன்றால் மூடப்பட்டிருந்தது. அதன் முகப்பில் ஒட்டி வந்த பாதுகாப்புத் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. பின்புற மூடியைக் கழற்றியபோது, வாரம் ஒருமுறை கழுவ வேண்டிய பஞ்சு வடிகட்டி தூசி படிந்து கம்பளித் துண்டு போல இறுகியிருந்தது. உள்ளே மின்சுற்றுப் பலகையில் மின்தேக்கி ஒன்று உப்பி வெடித்திருந்தது. மின்னழுத்தம் ஏறியிறங்கி அடித்ததன் அடையாளம் அது. அங்கிருந்த செவிலியர் சொன்னார்: "கருவி வந்த அன்னைக்கு ஜெனரேட்டரைப் போட்டு ஓட்டிக் காட்டினாங்க சார். டீசல் தீர்ந்ததுக்கு அப்புறம் கரன்ட் இருக்கிற நேரத்துல மட்டும் ஓட்டினோம். ஒரு நாள் புகை வந்துச்சு, மூடி வச்சுட்டோம்." அந்தக் கருவியோடு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கப்படவில்லை. வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்று அந்தச் செவிலியருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

இந்தக் கருவி எதைக் கேட்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். 21 விழுக்காடுதான் ஆக்சிஜன். செறிவூட்டியில் உள்ள அமுக்கி காற்றை அழுத்தி, சியோலைட் என்னும் கனிமத் துகள்கள் நிரம்பிய குழாய்க்குள் செலுத்துகிறது. துகள்கள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் உள்ள காற்று வெளியே வருகிறது. சிலிண்டர் வேண்டாம், அதை ஏற்றிவர வண்டி வேண்டாம் என்பது இதன் பெருமை. ஆனால் சிலிண்டர் இருட்டிலும் வேலை செய்யும். செறிவூட்டியின் அமுக்கி நின்ற சில நிமிடங்களில் ஆக்சிஜனும் நின்றுவிடும். வகைக்கேற்ப 300 முதல் 600 வாட் வரை மின்சாரத்தை இடைவிடாமல் கேட்கிற கருவி இது. போதாக்குறைக்கு, நெடுநாள் ஓட்டாமல் வைத்திருந்தால் சியோலைட் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டும் போகும். எனவே மின்சாரம் உறுதியில்லாத இடத்துக்கு இதை மட்டும் தனியே அனுப்புவது, மூச்சுத் திணறும் குழந்தையின் பெற்றோருக்குப் பொய் நம்பிக்கையை அனுப்புவதாகும். கடுமையான சொல்தான், ஆனால் அந்தப் பெற்றோரின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

இது ஏதோ ஓரிடத்தின் கதையும் அன்று. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் வேறு இரு பன்னாட்டு அமைப்புகளும் சேர்ந்து 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, குறைந்த வருவாயும் கீழ்நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளில் ஏறத்தாழ நூறு கோடி மக்கள், நம்பகமான மின்சாரம் இல்லாத அல்லது மின்சாரமே இல்லாத மருத்துவ நிலையங்களைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. அதற்கு முன்னர், 2011இல் வெளியான ஓர் ஆய்வு 16 நாடுகளின் மருத்துவமனைகளில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் ஏறத்தாழ 38 விழுக்காடு இயங்காமல் கிடந்தன. கருவிகளைப் பராமரிக்கும் ஏற்பாடு, பயிற்சி, அடிப்படை வசதி ஆகியவற்றின் குறைபாடே அதற்கு அந்த ஆய்வு கூறிய முதன்மைக் காரணம்.

மின்சாரத்தின் நிலையின்மை எவ்வளவு மறைவாகக் கேடு செய்யும் என்பதற்குத் தடுப்பூசிக் குளிர்பெட்டியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மஞ்சட்காமாலை பி, டெட்டனஸ் போன்ற சில தடுப்பூசிகள் உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதும், உறைந்து உருகிய குப்பியைப் பார்வையால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம் என்பதும் பலருக்குத் தெரியாது. குப்பியின் மேல் ஒட்டப்படும் வெப்பங்காட்டி, அதாவது வட்டத்துக்குள் சிறு சதுரம் உள்ள முத்திரை, 1996இல் போலியோ சொட்டு மருந்தோடு நடைமுறைக்கு வந்தது. சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியை எறிந்துவிட வேண்டும். மின்சாரம் கேட்காத, எழுத்தறிவுகூடக் கேட்காத அருமையான தொழில்நுட்பம் அது. ஆனால் அது வெப்பத்தை மட்டுமே காட்டும்; உறைந்ததைக் காட்டாது.

நான் சென்ற ஒரு நிலையத்தில் குளிர்பெட்டியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். காலை நான்கு பாகை, மாலை நான்கு பாகை என்று மாதம் முழுவதும் ஒரே பேனாவால், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தது. முப்பது நாள் வெப்பநிலையைத் தானே பதிந்துவைக்கும் சிறு மின்னணுக் கருவி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து, அடுத்த மாதம் எடுத்துப் பார்த்தால், பல இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பொறுப்பாளரைக் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: இரவில் எப்போது வேண்டுமானாலும் மின்சாரம் போகும், போனால் மருந்து சூடாகிவிடும் என்ற பயத்தில், மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது குளிர்க்குமிழை உச்சத்துக்குத் திருகிவிட்டுப் போவது அவர் வழக்கம். மின்தடைக்குப் பயந்து அவர் செய்த காப்பே, மின்தடை வராத இரவுகளில் மருந்தை உறையவைத்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்சாரம் எப்போது போகும் என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இருக்கவில்லை. குளிர்பெட்டியை வாங்கியவர்களுக்கு மின்தடை என்பது வேறு துறையின் விவகாரம்.

இதே துறையில் சரியாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மின்கம்பி எட்டாத இடங்களுக்கு 1980களில் சூரிய மின்சாரக் குளிர்பெட்டிகள் வந்தன. பகலில் மின்கலங்களில் சேமித்து இரவில் ஓட்டுவது அவற்றின் முறை. தகடுகள் உழைத்தன, பெட்டிகளும் உழைத்தன, மின்கலங்கள்தாம் சில ஆண்டுகளில் செத்துப்போயின. புதியவை வாங்க எந்தத் தலைப்பிலும் நிதி ஒதுக்கப்படவில்லை. சில இடங்களில் அந்த மின்கலங்களிலிருந்து விளக்குக்கும் வானொலிக்கும் கம்பி இழுத்துவிட்டார்கள். இருட்டில் உட்கார்ந்திருப்பவர் செய்யக்கூடியதுதான் அது. பிறகு வந்த தலைமுறைப் பெட்டிகளில் மின்கலத்தையே நீக்கிவிட்டார்கள். தகட்டின் மின்சாரம் நேரே அமுக்கியை ஓட்டும். பகலில் பெட்டியின் சுவருக்குள் பனிக்கட்டி உறையும். இரவிலும் மேகமூட்டமான நாட்களிலும் அந்தப் பனியே தடுப்பூசியைக் காக்கும். மின்சாரத்தைச் சேமிப்பதற்குப் பதிலாகக் குளிரையே சேமிப்பது என்ற அந்த எண்ணம், ஆய்வுக்கூடத்தின் வசதியை மனத்தில் கொண்டு பிறந்ததன்று. முந்தைய பெட்டிகள் எங்கே, எதனால் நின்றன என்று களத்தில் பொறுமையாகக் கேட்டு வந்தவர்களால் பிறந்தது.

எனவே "முதலில் அடிப்படை வசதிகள் வரட்டும், பிறகு புதிய தொழில்நுட்பத்தைப் பார்க்கலாம்" என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அப்படிக் காத்திருந்திருந்தால் பெரியம்மை இன்னும் நம்மோடு இருந்திருக்கும். உறையவைத்து உலர்த்திய தடுப்பு மருந்து வெப்பமான இடங்களிலும் குளிர்பெட்டியின்றித் தாங்கியது. 1960களில் வந்த இருமுனை ஊசி, மருந்தின் தேவையை நான்கில் ஒரு பங்காகக் குறைத்ததோடு, சில நிமிடப் பயிற்சியில் எவரும் கையாளக்கூடியதாகவும் இருந்தது. அந்த நோய் ஒழிந்ததாக 1980இல் உலகம் அறிவித்ததில் இவ்விரண்டின் பங்கு பெரிது. இரண்டுமே அன்றைய புதிய தொழில்நுட்பங்கள். ஆனால் போய்ச் சேரும் இடத்திடம் குறைவாகவே கேட்ட தொழில்நுட்பங்கள். நான் மேலே குறை சொன்ன அதே ஆக்சிஜன் செறிவூட்டியும், தகடுகளோடும் போதிய சேமிப்போடும் சேர்த்துத் திட்டமிடப்பட்டபோது உயிர் காத்திருக்கிறது. உகாண்டாவில் 20 மருத்துவமனைகளில் சூரிய மின்சாரத்தால் ஆக்சிஜன் வழங்கிப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு அங்கே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இரவில் விளக்கில்லாமல் நடக்கும் பிரசவங்களை 2008இல் நைஜீரியாவில் நேரில் கண்ட லாரா ஸ்டாக்கெல் என்ற மகப்பேறு மருத்துவர், தகடும் மின்கலமும் விளக்குகளும் அடங்கிய ஒரு பெட்டியைத் தம் கணவரோடு சேர்ந்து உருவாக்கினார். பிரசவ அறைக்கு எது தேவை என்பதை அந்த அறையில் நின்று தெரிந்துகொண்டு செய்த வேலை அது. சூரியத் தகடுகளின் விலை 2010க்குப் பிறகு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிட்ட நிலையில், பணமில்லை என்ற சாக்கும் முன்போல எடுபடாது.

காசநோய்ப் பரிசோதனையில் இன்று இருக்கும் நிலை இதற்கு நடுவில் நிற்கிறது. இராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த காலந்தொட்டு நுண்ணோக்கியில் சளியைப் பார்ப்பதே முறையாக இருந்தது; கண்ணாடி பொருத்திய நுண்ணோக்கியை ஜன்னலோரம் வைத்தால் வெயிலே அதற்கு விளக்கு. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை, கிருமி இருக்கிறதா என்பதையும், முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. முன்பு வாரக்கணக்கில் காத்திருந்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கருவியை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் சோதனை ஓடும்போது மின்சாரம் தடைப்பட்டால் அந்தச் சோதனை வீண். அறை அளவுக்கு மீறிச் சூடானாலும் கருவி ஒத்துழைக்காது. ஆண்டுதோறும் அளவீட்டுச் சரிபார்ப்பு வேண்டும். இவற்றை ஏற்பாடு செய்யாமல் கருவியை வைத்துவிட்டு, பழைய நுண்ணோக்கியையும் தூக்கிவிட்ட இடங்களில், நோயாளி முன்பிருந்ததைவிடப் பின்தங்கிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

செல்வந்த நாடுகளுக்கும் இதில் விலக்கில்லை. சாண்டி புயல் 2012 அக்டோபரில் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் வெள்ளம் எட்டாத 13ஆம் தளத்தில்தான் இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்புகள் மட்டும் அடித்தளத்தில் இருந்தன; அவை மூழ்கின. ஊழியர்களும் காவற்படையினரும் மாடிப்படிகளில் வரிசையாக நின்று கைக்குக் கை எரிபொருளை மேலேற்றினார்கள். அப்படியும் இறுதியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. கருவி எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்தவர்கள், அதை ஓட்டும் பொருள் எவ்வழியே வரும் என்று யோசிக்கத் தவறினார்கள். அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவில் 2017 செப்டம்பரில் மரியா புயலுக்குப் பின் மின்வலையை முழுவதும் மீட்கப் பல மாதங்கள் ஆயின. அந்தப் புயலையொட்டி வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த மரணங்களை 2,975 என்று பின்னர் கணக்கிட்டார்கள். அவர்களில் பலர் காற்றிலும் வெள்ளத்திலும் சாகவில்லை, மின்சாரமும் மருத்துவமும் எட்டாத அந்த மாதங்களில் செத்தவர்கள்.

மின்வலையையும் மருத்துவமனையையும் கணினியால் இணைக்கும் இன்றைய ஆர்வத்தைப் பற்றியும் ஒரு சொல். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் ஊடுருவிகள் மின் கட்டுப்பாட்டு அறைகளின் கணினிகளைக் கைப்பற்றி, துணை மின்நிலையங்களை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். 2,25,000க்கு அருகான மின் இணைப்புகள் இருண்டன. சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியதற்குக் காரணம், ஊழியர்கள் நேரே சென்று சுவிட்சுகளைக் கையால் போட்டதுதான்; கையால் போடக்கூடிய சுவிட்சுகள் இருந்தன, போடத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். 2017 மே மாதம் இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளை வான்னாகிரை என்ற, கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள் முடக்கியபோது ஏறத்தாழ 19,000 நோயாளிச் சந்திப்புகள் ரத்தாயின; அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே கிடைத்திருந்தும் பல கணினிகளில் அது ஏற்றப்பட்டிருக்கவில்லை. பராமரிப்பு என்பது எண்ணெயும் திருப்புளியும் மட்டுமல்ல.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்த மனக்குறையை மறைக்க முடியவில்லை. ஒரு மருத்துவமனையின் நோயாளி கண்காணிப்புக் கருவி நின்றுவிட, உள்ளே பழுதான பகுதி எது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். மாற்றுப் பகுதியும் கையில் இருந்தது. ஆனால் மாற்றிய பின் கருவியை மீண்டும் இயக்க, தயாரித்த நிறுவனத்தின் கடவுச்சொல் வேண்டும் என்று திரை கேட்டது. அந்த நிறுவனத்தின் பொறியாளர் வந்து அந்தச் சொல்லைத் தட்ட ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரமும் செவிலியர்கள் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கையால் நாடி பார்த்தார்கள். பழுதுபார்க்கும் கையேட்டையும் கடவுச்சொல்லையும் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால், அது அன்று மாலையே ஓடியிருக்கும்.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. மருத்துவக் கருவி கொள்முதல் செய்யும் கோப்பில், அது போகும் இடத்தின் மின்னழுத்தமும் மின்தடை நேரங்களும் ஒரு மாதமாவது அளக்கப்பட்டு இணைக்கப்பட வேண்டும். மின்துறையின் கையொப்பம் இல்லாமல் அந்தக் கோப்பு நகரக் கூடாது. மருத்துவ நிலையத்துக்கு மின்சாரம் தரும் பாதையில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் முன், அங்குள்ள பொறுப்பாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும். இதற்குப் பணமே தேவையில்லை. கருவிக்கான தொகையில் ஒரு பகுதியை, கருவியைக் கொண்டுவந்து இறக்கிய நாளில் கொடுக்காமல் நிறுத்திவைத்து, அது இயங்கிய நாட்களைக் கணக்கிட்டு ஆண்டுக்காண்டு கொடுக்கலாம்; அப்போது உதிரிபாகம் தானாகவே விரைந்து வரும். சூரிய மின்னமைப்பு நிறுவும்போதே, மின்கலங்களை மாற்ற வேண்டிய ஆண்டையும் அதற்கான நிதித் தலைப்பையும் எழுதிவிட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அதை இரவுப் பணியில் தனியாக இயக்கப்போகும் செவிலியர் ஒருவர் இருக்க வேண்டும். நான் பணியாற்றிய காலம் முழுவதும் அப்படி ஒரு குழுவை நான் பார்த்ததில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். புதிய கருவிக்கு நாடா வெட்டும் படத்தை வெளியிடும்போது அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, சரியாக ஓராண்டு கழித்து அதே இடத்துக்கு ஒரு செய்தியாளரை அனுப்புங்கள். அதிகாரியைச் சந்திக்க வேண்டாம். இரவுப் பணியில் இருப்பவரிடம், கருவி கடைசியாக எப்போது ஓடியது, மின்சாரம் போனால் என்ன செய்கிறீர்கள், வடிகட்டியை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை முதல் நாள் படம் வந்த அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்